பதினோராம் மாடியிலிருந்து ஒரு தூளி

எங்கள் மலையில் சோளக்காடு என்கிற ஊரில் புதிதாகத் திறந்திருக்கும் லாட்ஜில் லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். மூன்றே மாடிதான். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் ஏறிப் பார்த்தேன். கதவு மூடியதும் கிரீஸ் வாசனை வந்தது. அவ்வளவுதான், மனசு சென்னைக்குப் போய்விட்டது.

வாலிபத்தில் அங்கே ஓர் உயரமான கட்டடத்தில் லிஃப்ட் ஆபரேட்டராக இருந்தேன். மலைமேல் குண்டூர் நாட்டில் பிறந்தவனுக்கு உயரம் புதிதில்லை. மனிதன் கட்டிய உயரம்தான் புதிது. ஊருக்கு வந்தால், அதை நானே தூக்கி நிறுத்தியதுபோல் பேசுவேன். தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாற்போல ஒல்லியான கட்டடம். வெயிலைத் தடுக்க ஜன்னல்களின் ஓரமாகச் செங்குத்தான சிமெண்டுப் பலகைகள். மேல்மாடியில் நின்றால் கடல் தெரியும். லிஃப்டை நம்பிப் படிக்கட்டைக் குறுகலாகக் கட்டிவிட்டார்கள். லிஃப்ட் கூண்டைச் சுற்றிச் சுற்றி இறங்கும்.

அப்போது எல்லா மாடியிலும் ஆபீஸ்கள். பதினோராம் மாடியில் டைப்பிஸ்டாக இருந்த மைதிலி, நிறைமாதத்திலும் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். ஒரு மழைநாள் மத்தியானம் கரண்ட் போய் லிஃப்ட் நின்றது. சற்று நேரத்தில் அவளுக்கு வலி கண்டுவிட்டது.

ஆஸ்பத்திரி எதிர்ச்சாரியில்தான். அங்கிருந்து ஸ்ட்ரெச்சரோடு வந்த ஆட்கள் முதல் திருப்பத்திலேயே சிக்கிக்கொண்டார்கள். நாற்காலியில் தூக்கலாமென்றால், அவளால் உட்காரவே முடியவில்லை.

என் அக்கா வீட்டுக்காரர் செல்லன் மச்சான், ஒரு மூட்டை அன்னாசியோடு என்னைப் பார்க்க அன்றுதான் வந்திருந்தார். என்னோடு மேலே ஏறி வந்தவர் நிலைமையைப் பார்த்தார்.

"தூளி கட்டிரலாம் மாப்ள. முள்ளுக்குறிச்சிக்கு எறக்கறாப்லதான்" என்றார்.

ரோடு வராத காலத்தில் பிரசவ வலி கண்டவர்களைத் துணியில் படுக்கவைத்து, மூங்கிலில் கட்டித்தான் மலையிலிருந்து அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு இறக்குவோம். ஜன்னலின் கெட்டித் திரைச்சீலையைக் கழற்றினோம். பெயிண்டர்கள் விட்டுப்போன மூங்கில் ஒன்று மாடியில் கிடந்தது. மைதிலி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"கீழ போட்ற மாட்டீங்களே?"

"மலையிலிருந்தே எறக்கீருக்கறோங் கண்ணு" என்றார் மச்சான். "கண்ண மூடிக்கங்க, போயிரலாம்."

முன்னால் அவர், பின்னால் நான். ஸ்ட்ரெச்சர் திரும்பாத இடங்களில் மூங்கிலைச் சரித்துப் பிடிக்க, தூளி எங்களோடு வளைந்து திரும்பியது. ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் டார்ச்சோடு வந்து நின்றார்கள். தன் சீட்டைவிட்டு எழுந்து நான் பார்த்தே இராத மேனேஜர் ஒருவர், மெழுகுவத்தியோடு எங்களுக்கு முன்னால் இறங்கினார். என் தோள் எரிந்தது. கால் வழுக்கிவிடுமோ என்பது மட்டும்தான் நினைப்பு. ரோட்டைக் கடந்தபோது பஸ்களெல்லாம் தானாக நின்றன.

சிறிது நேரத்தில் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம் என்றார்கள். கட்டடமே வாசலுக்கு இறங்கிவந்து கைதட்டியது. மச்சான் மூட்டையை அவிழ்த்து, அத்தனை பேருக்கும் அன்னாசி அறுத்துக் கொடுத்தார். முதலாளியும் பியூனும் சாறு வழிய ஒன்றாக நின்று தின்றதை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு ஆபீஸ்கள் காலியாகி, கம்ப்யூட்டர் கம்பெனி வந்து, சிமெண்டுப் பலகைகளைக் கண்ணாடி மூடியது. இப்போது அந்தக் கட்டடமே ஆஸ்பத்திரி. போன வருஷம் போயிருந்தேன். பதினோராம் மாடி பிரசவ வார்டாம். குறுகிய படிக்கட்டை இடித்துவிட்டு, இரண்டு ஸ்ட்ரெச்சர் எதிரெதிரே போகிற மாதிரி சாய்தளம் போட்டிருக்கிறார்கள். ஆபரேட்டர் என்று ஒருவரும் இல்லை.

ஊர் திரும்பி மச்சானிடம் சொன்னேன். எங்கள் வாசல்வரைக்கும் இப்போது ஆம்புலன்ஸ் வருகிறது. அவர் தூளி கட்டி வெகுகாலம் ஆகிறது. தோளைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"அங்கயும் வேண்டியதில்லீன்னு ஆயிருச்சா? நல்லதாப் போச்சு."