ஏலக்காய் போட்ட மருந்து

கரமனையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இரண்டு தேனீப் பெட்டிகள் இருந்தன. போன மழைக்காலத்தில் ஒன்று அழிந்தது. மிஞ்சிய பெட்டியிலும் சிறகு சுருண்ட ஈக்கள் பறக்க முடியாமல் தரையில் ஊர ஆரம்பித்தன. ஒன்றைப் பிடித்துப் பார்த்தால் முதுகில் கேழ்வரகு மணி போல ஓர் உண்ணி. சனியன், சட்டமாக உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தது.

இந்த ஒரு கூட்டத்தையாவது பிழைக்க வைத்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். அடுத்த வீட்டு மாமி மதில் வழியாக எட்டிப் பார்த்து, "ஒரு கட்டி கற்பூரம் ஏத்தி வெச்சா மதி, அது போரும், எல்லாம் சரியாப்போகும்" என்றாள். பெட்டியையே கொளுத்தச் சொல்லவில்லை, அதுவரை புண்ணியம்.

தேனீ வளர்ப்பு வகுப்பெடுத்த சாரைப் போனில் பிடித்தேன். பெட்டியில் தேன் இருக்கும்போது உண்ணியைக் கொல்லும் ஆசிட் வேண்டாம், ஜீனியை மாவாகப் பொடித்து ஈக்கள்மேல் தூவுங்கள், பிடி வழுக்கி உண்ணிகள் உதிரும், அடியில் எண்ணெய் தடவிய வெள்ளைத்தாள் வையுங்கள் என்றார். வெறும் ஜீனிதான் என்று இரண்டு தடவை சொன்னார்.

நானும் என் வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன். "ஜீனி மாத்திரம். வேற ஒண்ணும் சேர்க்கப்படாது, கேட்டேளா?"

"எனக்கு மிக்ஸி போடத் தெரியாதா?" என்றார்.

தேனீ என்றால் அவருக்கு நடுக்கம். மாடிக்கு வந்தால் தலை, காது எல்லாம் துண்டால் சுற்றிக்கொண்டு கடைசிப் படியிலேயே நின்றுவிடுவார். பொடி டப்பாவையும் அங்கிருந்துதான் நீட்டினார். எனக்கு முகத்தில் வலை, கையில் ஈக்களை அடக்கும் புகைக்குழல். அந்தப் புகையில் வேறு வாசனை எங்கே தெரியப்போகிறது? ஒவ்வொரு தேனடைச் சட்டமாகத் தூவி மூடினேன்.

சாயங்காலம் பெட்டி வாசலில் ஒரே சண்டை. வெளியே போய்த் திரும்பிய ஈக்களை உள்ளிருந்தவை கடித்துத் தள்ளிக்கொண்டிருந்தன. சந்தேகம் வந்து டப்பாவை முகர்ந்தேன். ஏலக்காய்.

"ஏன்னா, இதுல ஏலக்காய் போட்டேளா?"

"பின்னே? போடாம யாராவது ஜீனி பொடிப்பாளா?"

"ஒண்ணும் சேர்க்கப்படாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே."

"ஒண்ணும் சேர்க்கலையே. ஏலக்காய் மாத்திரம்தானே."

தலையில் அடித்துக்கொண்டேன். போளியோ, ரவாலாடோ, எங்கள் வீட்டில் ஜீனி மிக்ஸிக்குள் போனால் தோலோடு நாலு ஏலக்காயும் கூடவே போகும். அதை ஒரு சேர்மானமாகவே யாரும் நினைப்பதில்லை. தேனீ தன் கூட்டத்தை வாசனையால் அடையாளம் காணும் ஜாதி. இந்த மனுஷர், கூட்டுக்குள் இருந்ததுகளுக்கு ஒரு வாசனை, வெளியே போனதுகளுக்கு ஒரு வாசனை என்று ஆக்கிவைத்துவிட்டார். ராத்திரி முழுக்க அவரைத் திட்டினேன்.

மறுநாள் மத்தியானம் மாடிக்குப் போனபோது சத்தமே இல்லை. அடியிலிருந்த தாளை உருவினேன். சிவப்புச் சிவப்பாக உண்ணிகள் கொட்டிக் கிடந்தன.

அவர் துண்டும் தலையுமாகப் படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அடேயப்பா, இத்தனை விழுந்திருக்கே. அப்போ மருந்து பலிச்சுது, அல்லே?"

எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. மூடியைத் தூக்கிக் காட்டினேன். ராணியோடு கூட்டம் முழுக்கக் கிளம்பிப் போயிருந்தது.

அவர் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று உள்ளே பார்த்தார். பிறகு தலையில் சுற்றியிருந்த துண்டை மெதுவாக அவிழ்த்தார்.