குருவிக்குத் திராட்சை கிடையாது

அனுமந்தன்பட்டியில் வேல்பாண்டி வீட்டு முன்னறைக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது ஓர் அட்டை. திராட்சைப் பெட்டியின் மூடியைக் கிழித்து, கறுப்பு மையால் கொட்டை எழுத்தில் எழுதியது. "இதுகளுக்கு யாராவது எதையாவது தின்னக் கொடுத்தால் கையை ஒடிப்பேன். இப்படிக்கு முனீஸ்வரி." இதுகள் என்பது அட்டைக்குக் கீழே இரும்புக் கூண்டில் இருக்கும் இரண்டு பிராணிகள். எழுதியவள் வேல்பாண்டியின் மனைவி. ஊரில் பாதிப் பேர் அட்டையை வேடிக்கை என்று நினைத்தார்கள். மீதிப் பேருக்கு முனீஸ்வரியைத் தெரியும்.

நாற்பத்தாறு வயது. சொந்தத் திராட்சைத் தோட்டத்தில் வேலை இல்லாத நாட்களில் அக்கம்பக்கத் தோட்டங்களுக்குப் பழம் வெட்டப் போகும் பெண்களுக்கு அவள்தான் முன்னத்தி, கூட்டத்துக்குத் தலைவி. ஒருமுறை ஒரு தோட்டத்தில், பெண்கள் ஒதுங்க ஒரு மறைப்பு கட்டித் தரச் சொல்லிக் கேட்டாள். தோட்டக்காரர் சிரித்தார். முனீஸ்வரி கத்தரிக்கோலை வரப்பில் வைத்தாள், பதினோரு பெண்களையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு நடையைக் கட்டினாள். பழுத்த பழம் கொடியில் தொங்கியது. மறுநாள் காலை கீற்று மறைப்பு எழும்பியிருந்தது.

இப்படிப்பட்டவள் ஒரே ஓர் ஆளிடம் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். அது வேல்பாண்டியின் அக்கா சங்கிலியம்மாள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள், அடுத்த தெருவில்தான் வீடு. தோட்டத்தில் என்றைக்குக் கவாத்து, என்றைக்கு வெட்டு, யாருக்குப் பழம் என்பதெல்லாம் அவள் வாக்கு. கல்யாணமாகி வந்த இருபத்து மூன்று வருஷத்தில் முனீஸ்வரி அவளிடம் சொன்னதெல்லாம் "சரி மதினி" ஒன்றுதான்.

பிராணிகள் வந்தது கார்த்திகையில். மகள் கயல் கோட்டயத்தில் நர்ஸ். அங்கே ஒரு கடையில் ஆசைப்பட்டு வாங்கிவிட்டாள். விடுதியில் கூடாது என்றதும் கூண்டைத் துப்பட்டாவால் மூடி, குமுளி வழியாகப் பஸ்ஸில் கொண்டுவந்து அம்மாவிடம் சேர்த்தாள். டெகு என்று பெயராம். தென் அமெரிக்காவில் சிலி என்கிற நாட்டு மலைகளில் இருப்பதாம். அணிலைவிடப் பெரிது, பெருச்சாளியைவிடச் சிறிது. வட்டக் காது, நீள வால், வால் நுனியில் கறுப்பாக ஒரு குஞ்சம். ஊருக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. பார்த்த மாத்திரத்தில் எலி என்று தீர்ப்பு எழுதிவிட்டது.

"தோட்டத்துல எலிக்கு மருந்து வைக்கோம். நீ நடு வீட்டுல வச்சுச் சீராட்டுற," என்றாள் பக்கத்து வீட்டு அனுசுயா. "ஏன்த்தா, பல்லு என்ன இம்புட்டு மஞ்சளா இருக்கு? வெத்தல போடுதா?"

"பல்லு மஞ்சளா இருந்தாத்தான் அதுக்கு நல்லதாம். வெளுத்தாத்தான் சீக்காம். உனக்கும் அதுக்கும் அங்கனதான் வித்தியாசம்," என்றாள் முனீஸ்வரி.

கயல் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் போனாள். இரண்டும் அக்கா தங்கை, பிரிக்கக் கூடாது, ஒன்றைப் பிரித்தால் மற்றது ஏங்கிப்போகும். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது, தோல் கழன்று கையோடு வந்துவிடும். கூண்டில் பிளாஸ்டிக் இருந்தால் கடித்து விழுங்கிவிடும். தீனிக்கு மட்டும், கடைக்காரர் கொடுத்த பொட்டலத்தை நீட்டினாள். சோளம், வறண்ட வாழைப்பழத் துண்டு, கலர் கலராக உருண்டை, அவற்றோடு உலர்ந்த திராட்சை. அதைப் பார்த்ததும் முனீஸ்வரிக்கு மனம் குளிர்ந்தது. நம்ம ஊர்ச் சரக்கைத் தின்கிற ஜீவன் என்றால் அந்நியம் எங்கே வந்தது? கீச்சுக் கீச்சென்று ஓயாமல் பேசியதற்குக் குருவி என்றும், சிறியதற்குப் பிஞ்சு என்றும் பெயர் வைத்தாள்.

தையில் வருஷத்து முதல் வெட்டு. அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. முதல் கொத்தை சங்கிலியம்மாள் கையால் அறுத்து வீட்டுக்குக் கொண்டுவருவாள். மாடு, ஆடு, நாய், கோழி என்று வீட்டில் வாயுள்ளது எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு பழம். அப்புறம்தான் மனிதர்கள். கடைசி வாய் மென்று முடித்த பிறகே தோட்டத்தில் லாரிக்குப் பெட்டி ஏறும். அந்தத் தையில் குருவிக்கும் பிஞ்சுக்கும் முனீஸ்வரியே தன் கையால் கொடுத்தாள். பிஞ்சு பழத்தை இரண்டு கையாலும் வாங்கி, பின்னங்காலில் உட்கார்ந்து, பெரிய மனுஷி மாதிரித் தின்றது. தெருவே கைதட்டியது. அந்தச் சந்தோஷத்தில் முனீஸ்வரி மறுநாளும் கொடுத்தாள், அதற்கு மறுநாளும் கொடுத்தாள். கறுத்த பன்னீர் திராட்சைக்கு அந்த வீட்டில் என்ன பஞ்சம்? குருவி பாதியைத் தின்றுவிட்டுப் போட்டுவிடும். அந்த மிச்சத்தையும் சேர்த்துப் பிஞ்சு தின்னும்.

மாசி பிறந்ததும் தண்ணீர்ப் பாட்டில் ஒரே நாளில் இரண்டு தரம் காலியாகத் தொடங்கியது. கூண்டுத் தட்டு எந்நேரமும் நனைந்து கிடந்தது. வெயில் ஏறுகிறதல்லவா, குடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஒரு காலை கூண்டைத் திறந்தபோது பிஞ்சு அவள் கையைப் பார்க்கவில்லை, கைக்கு ஒரு சாண் தள்ளி எதையோ பார்த்தது. கறுத்த கண்மணி இரண்டின் நடுவிலும் பால் தெளித்தது போல வெள்ளை.

உத்தமபாளையத்தில் கால்நடை டாக்டர் ஜெபஷீலா சின்ன வயதுக்காரி. கூண்டைப் பார்த்ததும் ஒளிக்காமல் சொன்னாள். "அம்மா, நான் மாடு, ஆடு, நாய் பார்க்கிறவ. இதை இன்னைக்குத்தான் முதல்ல பார்க்குறேன். ரெண்டு நாள் குடுங்க, படிச்சிட்டுக் கூப்பிடுறேன். இதுவரைக்கும் என்ன தின்னுச்சு, ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

முனீஸ்வரி ஒன்று விடாமல் சொன்னாள். இரண்டாம் நாள் டாக்டர் கூப்பிட்டு, சிறுநீரில் முக்கிச் சர்க்கரை பார்க்கும் தாள் ஒன்றைக் கொடுத்தாள். முனீஸ்வரி வீட்டுக்கு வந்து தட்டைத் துடைத்துக் காத்திருந்து, பிஞ்சு ஒதுங்கியதும் முக்கிப் பார்த்தாள். நீலத் தாள் பழுப்பாகிவிட்டது. அந்தப் பழுப்பை முனீஸ்வரிக்குத் தெரியும். ஆறு வருஷமாக வேல்பாண்டிக்குப் பார்த்துப் பார்த்துப் பழகிய நிறம்.

"எனக்கு இருக்குறது அதுக்குமா?" என்றான் வேல்பாண்டி. அவன் முகத்தில் லேசாக ஒரு வருத்தம், கொஞ்சம் கூட்டாளி கிடைத்த சந்தோஷமும் இருந்ததோ என்னவோ.

டாக்டர் சொன்னது இதுதான். அந்த மலையில் இவற்றுக்குக் கிடைப்பது காய்ந்த புல்லும் பட்டையும் வேரும். சர்க்கரையைச் சமாளிக்க இவற்றின் உடம்புக்குத் தெரியாது. பழம் கூடாது, கேரட் கூடாது, கடலை கூடாது, அந்தப் பொட்டலத்தைத் தூக்கி எறியவும். எந்நேரமும் காய்ந்த புல் இருக்க வேண்டும், அதை அரைத்துக்கொண்டே இருந்தால்தான் வளர்கிற பல்லும் தேயும். வெல்லப்பாகு சேராத கினி பன்றித் தீவனம் ஒரு சின்னக் கரண்டி. எப்போதாவது ஒரு கீரை இலை. "பிஞ்சுவோட கண்ணு திரும்ப வராதும்மா. பத்தியமா வச்சா உசிரு நிக்கும். குருவிக்கு இன்னும் கண்ணு தெளிவா இருக்கு. அதைக் காப்பாத்துறது உங்க கையில."

உங்கள் கையில் என்றதும் முனீஸ்வரி தன் கையைப் பார்த்தாள். பிஞ்சுக்குக் கண்ணைப் பறித்தது யார்? கடைக்காரர் இல்லை, கயல் இல்லை. தினம் ஒரு பழமாகத் தானே கொடுத்துப் பறித்தது. அன்றைக்கு அவள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்ததும் எழுந்து முகம் கழுவி, திராட்சைப் பெட்டி மூடியைக் கிழித்தாள். அட்டை வந்த கதை அது.

புல்லுக்கு அலைந்தது தனிக் கதை. தோட்டத்தில் கொடிக்குக் கீழே புல் மண்டிக் கிடக்கிறது, ஆனால் அத்தனையும் நீலம் பூத்த புல். பூசணம் பிடிக்காமல் இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து கொடிக்கு அடிப்பார்கள், அது சொட்டி இறங்குவது புல்லில்தான். இது டாக்டர் படித்த எதிலும் இல்லை, முனீஸ்வரிக்குத்தான் தெரியும். மருந்து வாடை படாத இடம் தேடி வாய்க்கால் கரையோடு நடந்தாள். பள்ளிக்கூடத்து வேலி ஓரம் அருகும் கோரையும் கண்டுபிடித்தாள். அறுத்து, உதறி, நிழலில் உலர்த்தி, பூசணம் பிடிக்காமல் சாக்கில் கட்டினாள். டீக்கடையில் "எலிக்குப் புல்லறுக்கப் போறாக" என்று யாரோ சொன்னார்கள். "ஆமா போறேன். உன் வீட்டு மாட்டுக்கு நீ போறியா?" என்று கேட்டுவிட்டு நடந்தாள்.

சித்திரை வெயிலில் கூண்டுப் பக்கம் ஈரத் துணி சுற்றிய மண்பானை வைத்தாள். பிஞ்சு கூண்டுக்குள் மோப்பத்தாலேயே வீடு கட்டிக்கொண்டது. பலகை, தண்ணீர்ப் பாட்டில், புல் கூடை எதையும் ஒரு விரல் அளவுகூட இடம் மாற்றாமல் வைத்திருந்தாள். குருவி முன்னால் போகும், பிஞ்சு அதன் வாலோரம் ஒட்டிக்கொண்டு போகும். வாரம் ஒருமுறை முனீஸ்வரி குருவியின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பாள். கண் கறுப்பாகவே இருந்தது.

மறுபடி தை வந்தது.

காலையில் தோட்டத்தில் லாரி வந்து நின்றுவிட்டது. சங்கிலியம்மாள் முதல் கொத்தோடு வீட்டுக்கு வந்தாள். பின்னாலேயே பழம் வெட்டும் பெண்கள், தெரு, வேல்பாண்டி. மாடு தின்றது, ஆடு தின்றது, நாய் வேண்டா வெறுப்பாக மென்றது. சங்கிலியம்மாள் கூண்டுக்கு வந்து ஒரு பழத்தைக் கிள்ளினாள். குருவி பின்னங்காலில் எழுந்து கம்பியில் மூக்கை வைத்தது. ஒரு வருஷம் கழித்தும் அந்த வாசம் அதற்கு மறக்கவில்லை.

முனீஸ்வரி கூண்டுக் கதவின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"கைய எடு."

"முடியாது மதினி."

அந்த வீட்டில் யாரும் கேட்டிராத வார்த்தை. அனுசுயா முறத்தால் வாயை மூடிக்கொண்டாள்.

"ஒத்தப் பழம்டி. முறைக்கு. ஒண்ணுல என்ன செத்தா போகும்?"

"போன வருஷமும் முதல்ல ஒண்ணுதான் மதினி. அங்கன பாருங்க, அது கண்ண."

"குடுத்தது யாரு? நானா?"

"இல்ல. நான்தான். அதான் இப்ப நானே மறிக்கேன்."

சங்கிலியம்மாள் நீட்டிய பழத்தை மடக்கவில்லை. "எங்க அப்பன் காலத்து முறை. வாயிருக்குறதுக்கு எல்லாம் குடுக்காம இந்த வீட்டு ஆளு திங்கக் கூடாது, லாரி ஏறக் கூடாது. நேத்து வந்த எலிக்காகத் தோட்டத்தக் கெடுக்கப் போறியா?"

"எல்லாத்துக்கும் ஒண்ணுபோலன்னுதான மதினி முறை? சரி, ஒண்ணுபோலவே இருக்கட்டும். இந்த வருஷம் இந்த வீட்டுக்குள்ள ஒரு பழம் வராது. மாடு, ஆடு தின்னதோட சரி. நான் திங்க மாட்டேன், யாரும் திங்க வேணாம். வெட்டுறது அம்புட்டும் லாரிக்கு."

"எனக்குமா?" என்றான் வேல்பாண்டி.

"உங்களுக்குத்தான் முதல்ல."

சங்கிலியம்மாள் கொத்தைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள். "இனி இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். "உங்க இஷ்டம் மதினி," என்றாள் முனீஸ்வரி. மதினி தெரு திரும்பும்வரை கூண்டுக் கதவின் மேல் இருந்த கையை எடுக்கவில்லை. அப்புறம் பெண்களைப் பார்த்து, "என்னத்தப் பாக்கீக? லாரி நிக்குது," என்றாள்.

தோட்டம் கெடவில்லை. அதற்காகக் கூடுதலாகக் காய்க்கவும் இல்லை, எந்த வருஷமும் போலத்தான். வேல்பாண்டி முதல் வாரம் யாருக்கும் தெரியாமல் கொடிக்கடியில் போய்த் தின்றான். கூட வெட்டுகிற பெண்கள் காட்டிக்கொடுத்தார்கள். இரண்டாம் வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தான். பங்குனியில் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ஆறு வருஷத்தில் முதல் முறையாகச் சர்க்கரை இறங்கியிருந்தது. அதை அவன் வீட்டில் சொல்லவே இல்லை. சீட்டைப் பார்த்து முனீஸ்வரியே தெரிந்துகொண்டாள்.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் வாசலில் நிழல் தட்டியது. சங்கிலியம்மாள். வாசப்படியை மிதிக்காமல் வெளியே நின்றபடி அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"எனக்கும் ஒடிப்பியாக்கும்?"

"கையில எதுவும் இருந்தா ஒடிப்பேன் மதினி."

சங்கிலியம்மாள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். வெறுங்கை. முனீஸ்வரி நகர்ந்து வழி விட்டாள். அன்று டார்ச் அடித்துப் பார்க்கும் நாள். குருவியை இரு கையாலும் ஏந்தி, மதினி கையில் டார்ச்சைக் கொடுத்தாள். வெளிச்சம் விழுந்ததும் இரண்டு கண்ணும் ஒரு பொட்டு வெள்ளை இல்லாமல் கன்னங்கரேலென்று மினுங்கின.

"அசல் நம்ம பன்னீர்ப் பழமாட்டந்தான் இருக்கு," என்றாள் சங்கிலியம்மாள், குனிந்தபடியே.

"இந்த வருஷம் இந்த வீட்டுல இருக்குறது அந்த ரெண்டு பழந்தான் மதினி," என்றாள் முனீஸ்வரி. "அத யாரும் பறிக்க விட மாட்டேன்."