பூட்டன் பிடித்த இடது கை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். உத்தமபாளையத்தில் கணக்கு டீச்சர், கரும்பலகையில் போட்டுக் காட்ட முடியாத எதையும் நம்பாதவள். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரரின் பூட்டன் வெள்ளைக்காரன் காலத்து நாட்டு வைத்தியர். மட்டக்குதிரையில் கம்பம் வரைக்கும் போய் நாடி பார்த்தவர். காலராவுக்கு மருந்து கொடுக்க அவர் ஊர் ஊராக அலைந்தபோது வீட்டில் மனைவிக்கே பேதி கண்டுவிட்டது. அவளுக்குப் பிள்ளை இல்லை. அவருக்கு மருந்தெல்லாம் அரைத்துக் கொடுத்தவள் அவள்தானாம். அவர் வந்து சேர்ந்தபோது உயிர் போயிருந்தது. ஆனாலும் அவளுடைய இடது கையைப் பிடித்து நாடியைத் தேடிக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம், சவப்பெட்டியை மூடும்வரை விடவில்லையாம். அப்புறம் இன்னொரு கல்யாணம் செய்து பெருகியதுதான் இந்தக் குடும்பம்.

கல்லறைத் திருநாளன்று அவருடைய மருந்துக் கல்வத்தைக் கழுவி, அதில் மூத்த மருமகள் சுக்கும் மிளகும் அரைத்துத் தேனில் குழைத்து எல்லோருக்கும் கொடுப்பது வீட்டு வழக்கம். அரைக்கும்போது பூட்டன் வந்து இடது மணிக்கட்டைப் பிடித்தால் அவள் உண்டாகியிருக்கிறாள் என்று அர்த்தமாம். பெண்களுக்கு இடது கையில்தானே நாடி பார்ப்பார்கள். கல்யாணமான புதிதில் இதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

வருஷாவருஷம் அரைத்தேன். கண்ணில் மிளகு பட்டதுதான் மிச்சம். பிறகு என் கொழுந்தனுக்கு மனைவியாக ஜெசிந்தா வந்தாள். அந்த வருஷம் எனக்குக் காய்ச்சல் என்று அவளை அரைக்கச் சொன்னார்கள்.

"அக்கா, யாரோ கையப் பிடிச்சாக!" என்று கத்தினாள். அடுத்த மாதமே வாந்தி. மாமியாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பூட்டனே வந்துட்டாக. இனிமே அவளே அரைக்கட்டும்த்தா" என்று என்னிடமே சொன்னார்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், அவள் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் எரிந்தது. ஆவியே கிடையாது என்கிற நான், அந்த ஆவி என்னைத் தேடி வரவில்லையே என்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். இதையும் நீங்கள் நம்ப வேண்டாம்.

அடுத்த கல்லறைத் திருநாள், சுனாமி வந்ததே, அதற்கு முந்தின மாதம். ஜெசிந்தா இடுப்பில் பிள்ளையோடு கல்வத்திடம் வந்தாள். நான் முந்திப் போய்க் குழவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"நான்தான் அரைப்பேன் அத்தை. இந்த வீட்டு மூத்த மருமக நான்தான்."

"அரைச்சுட்டுப் போத்தா, யாரு வேணாமுன்னா?" என்று மாமியார் வெளியே போய்விட்டார்.

பட்டப்பகல். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. வலது கையால் அரைத்தேன், இடது கை கல்வத்தின் விளிம்பில் இருந்தது. மூன்று விரல்கள், கிணற்றுத் தண்ணீர் போலச் சில்லென்று, ஒன்றன்பின் ஒன்றாக என் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தன. கை எதுவும் தெரியவில்லை. தோல் மட்டும் மூன்று இடத்தில் அமுங்கியிருந்தது.

பயமா? சந்தோஷத்தில் துள்ளினேன்.

"பாத்தியா ஜெசி, என்னையும் பிடிச்சுட்டாக!"

அவள் என் கையைப் பார்த்துவிட்டு, பிள்ளையை அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அவள் முகம் வெளிறியது எனக்கு இனித்தது. அப்புறம்தான் கவனித்தேன், அந்த விரல்கள் விடவில்லை. கொஞ்சம் மேலே போயின, கீழே வந்தன, மறுபடி மேலே போயின. எதையோ தேடின.

"ஒன்னையும் இப்படித்தான் ரொம்ப நேரம் பிடிச்சிருந்தாகளா?"

"இல்லக்கா. தொட்டுட்டுச் சட்டுன்னு விட்டுட்டாக."

மறுநாள் தேனியில் லேடி டாக்டரிடம் போனோம். குழந்தை இல்லை. நாடி பார்க்க என் இடது கையைப் பிடித்த நர்ஸ், கொஞ்ச நேரம் தடவிவிட்டு, "அந்தக் கையக் குடுங்கக்கா" என்றார். வலது கையில் சரியாக அடித்தது. சிலருக்கு ரத்தக்குழாய் அப்படி அமைந்திருக்கும் என்றார் டாக்டர். இருக்கலாம். ஆனால் முந்தின வருஷம் காய்ச்சலுக்குப் போனபோது இதே இடது கையில்தான் பார்த்தார்கள், இருந்தது.

மாமியாரிடம் சொன்னேன். அவர் நேராகப் பூட்டனின் முதல் மனைவியின், பெயர்கூட எழுதாத கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார். எனக்குப் பிள்ளை பிறக்கவே இல்லை. இடது கையில் நாடி இன்றைக்கும் கிடைப்பதில்லை, அந்த இடம் மட்டும் கோடையிலும் சில்லென்று இருக்கிறது. ஜெசிந்தாவுக்கு இது தெரியாது. தெரிந்தால் பாவம் அக்கா என்பாள், எனக்கு அது வேண்டாம். அவளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். என் கையை இன்னும் விடவில்லை.