மணி அடிப்பதற்கு முன்னால்

பிள்ளைகளே, என் சின்ன மகளுக்கு அப்போது நாலு வயது. புதுப்பட்டினத்தில் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். படிக்கப் போனாள் என்பதைவிட, தினம் ஒரு பிள்ளையைக் கடித்துவிட்டு வந்தாள் என்பதுதான் சரி. விளையாட்டு முடிந்து சோற்றுக்கு மணி அடித்தால் போதும், பக்கத்தில் எந்தக் கை இருக்கிறதோ அதில் பல் பதிந்துவிடும்.

மற்ற அம்மாக்கள் ஒன்றாகச் சேர்ந்து, அவளை அனுப்பச் சொல்லி டீச்சரிடம் சத்தம் போட்டார்கள். இந்த மாதக் கடைசிக்குள் கடி நிற்காவிட்டால் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று டீச்சர் சொல்லிவிட்டார். நாங்கள் வேப்பிலை அடித்துப் பார்த்தோம். மந்திரித்துக் கயிறு கட்டினோம். அவள் கயிற்றையும் கடித்தாள்.

செங்கல்பட்டில் இந்த மாதிரிச் சின்னப் பிள்ளைகளுக்காகவே ஒரு மையம் இருக்கிறது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னார். போனோம். அங்கிருந்த மேடம் மருந்து எதுவும் தரவில்லை. கடிப்பதற்குச் சற்று முன்னால் என்ன நடக்கிறது என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு ஒரு நாள் பால்வாடிக்கே வந்து, மூலையில் உட்கார்ந்து பார்த்தார். வெளியே வந்ததும், என்ன வேலை செய்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன் என்றேன்.

"ஸ்டாப்பு வர்றதுக்கு முன்னாடி சொல்வீங்களா, வந்தப்புறம் சொல்வீங்களா?"

"முன்னாடியே சொல்லிடணும் மேடம். திடீர்னு நிறுத்தி எறங்குன்னா சண்டைக்கு வந்துடுவாங்க."

"உங்க பொண்ணும் அதுக்குத்தான் சண்டைக்கு வருது."

எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. மேடம் சொன்ன வழி இதுதான்: மணிக்கு முன்னாலேயே அவளிடம் சொல்லிவிட வேண்டும். கடிக்காமல், கையைத் தூக்கி 'இன்னும் கொஞ்ச நேரம்' என்று கேட்கப் பழக்க வேண்டும். கேட்டால் கொடுக்கவும் வேண்டும். வீட்டிலும் அதே முறைதான்.

பால்வாடி ஆயாம்மா முகத்தைச் சுளித்தார். "இன்னா நைனா, சோறும் ஆக்கினு கண்டக்டர் வேலையும் நானே பாக்கணுமா?"

ஆனாலும் செய்தார். முதல் வாரம் அவர் கைக்கே கடி விழுந்தது. அப்போதும் விடவில்லை.

மாதக் கடைசி நாள். அம்மாக்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாப்பா, அடுத்த ஸ்டாப்பு சோறு," என்றார் ஆயாம்மா.

என் மகள் கையைத் தூக்கினாள். "கொஞ்ச நேரம்."

கொடுத்தார்கள். மணி அடித்தது. அவள் விளையாட்டுக் கட்டைகளைப் பெட்டியில் போட்டுவிட்டு, யாரையும் தொடாமல் நேராகப் போய் உட்கார்ந்தாள். அவளை அனுப்பச் சொல்லி எல்லோரையும்விட அதிகமாகச் சத்தம் போட்ட அம்மா உள்ளே போனார். தன் மகனின் தட்டை எடுத்து என் மகள் பக்கத்தில் வைத்தார்.

"இங்கயே குந்துடா," என்றார்.