சிவப்புப் பக்கத்துக்குப் பின்னால் திறந்த புத்தகம்

ஜின் உண்டு என்று எங்கள் மார்க்கம் சொல்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யாராவது கடைக்கு வந்து "நேத்து ஜின்னைப் பாத்தேன்" என்று சொன்னால், முதலில் கண் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவைக்கிற ஆள் நான். மாத்தளை டவுனில் பதினாறு வருடமாகக் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிறேன். தானாக அணைகிறது, தானாக எழுத்து அடிக்கிறது, பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லிக் கொண்டுவந்த எத்தனையோ மெஷின்களைத் திறந்திருக்கிறேன், உள்ளே ஒரு பல்லி செத்துக் கிடக்கும், இல்லாவிட்டால் தேத்தண்ணி கொட்டியிருக்கும், அவ்வளவுதான். ஆகவே இப்போது நான் சொல்லப் போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமே வராது. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் இதற்குள் எழுந்து போயிருப்பேன்.

ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் பாதையில் ஒரு சின்ன கத்தோலிக்கக் கோயில் இருக்கிறது. அங்கே அலுவலகத்தைப் பார்த்துக்கொள்பவர் செலினா டீச்சர், ஸ்கூலில் படிப்பித்து ஓய்வு பெற்றவர், என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். கோயிலின் பழைய ஞானஸ்நானப் புத்தகங்களைக் கறையான் தின்றுவிடும் என்று பயந்து, எல்லாப் பக்கங்களையும் படம் பிடித்து ஒரு சின்னப் பெட்டிக்குள் சேமித்து வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டியை ஃபாதர் தங்கும் வீட்டில் பூட்டி வைத்து, அலுவலகக் கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாகத் திறந்து பார்க்கும்படி செய்து கொடுத்தது நான்தான். அதற்குப் பெயரில்லை, வெறும் எண்களால் ஆன முகவரி. ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் மெஷின்கள் ஒன்றையொன்று கூப்பிட அப்படித்தான் எண் வைத்துக்கொள்ளும்.

ஐப்பசி மழை தொடங்கியிருந்த ஒரு வியாழக்கிழமை காலையில் டீச்சர் என்னைப் போனில் கூப்பிட்டார்.

"ரிஸ்வான், அந்த நம்பர அடிச்சா செவப்பா ஒரு பக்கம் வந்து நிக்கிது. ஆபத்தான எடம், திரும்பிப் போன்னு இங்கிலீசுல சொல்லுது. கோயில் புத்தகத்துல என்ன ஆபத்து இருக்கு? நீ ஒடனே வா, இங்க ஒரு புள்ள அழுதுக்கிட்டு ஒக்காந்திருக்கு."

எனக்குக் கேட்டவுடனேயே விளங்கிவிட்டது. யாரோ எதையோ இலவசமாக இறக்கப் போய், பாதுகாப்பு எக்ஸ்டென்ஷன் ஒன்று பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயரில்லாத முகவரியைக் கண்டால் அதற்கு ஆகாது, கள்ளன் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடும். ஐந்து நிமிட வேலை. அந்த மழையில் பைக்கை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

அழுதுகொண்டிருந்தவர் பெயர் ஜெயராணி. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர், நாற்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். கைக்குழந்தையாக இருந்தபோது மண் சரிந்து தாய் தகப்பனோடு அவர்கள் இருந்த வரிசை வீடு, அந்த லயமே போய்விட்டது, வேறு தோட்டத்திலிருந்த சித்தப்பா எடுத்து வளர்த்திருக்கிறார், பிறப்பைப் பதியவே இல்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அடையாள அட்டையும் இல்லை. இப்போது அவர் இருக்கும் லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, அங்கிருக்கும் ஆட்களுக்கு வேறு இடத்தில் வீடு கொடுக்கப் பட்டியல் போடுகிறார்கள். எந்தக் கடுதாசியும் இல்லாத ஆளின் பெயரைப் பட்டியலில் போட ஏலாது, ஞானஸ்நானச் சான்றிதழாவது கொண்டு வா என்று பிரதேச செயலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். அன்று பின்னேரம் மூன்று மணிக்குப் பட்டியலை மூடுகிறார்கள்.

"எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க நானா," என்றார் ஜெயராணி, எங்கள் ஆட்களில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவது. "மழ பேஞ்சா ராவுல தூங்க மாட்டேன், செவுத்துல கைய வச்சிக்கிட்டே ஒக்காந்திருப்பேன். வேற ஒன்னும் வேணாம், என் பேரு அதுல இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

எனக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது. ஐந்து நிமிடத்தில் முடிகிறது தங்கச்சி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எக்ஸ்டென்ஷனை அணைத்தேன், சிவப்புப் பக்கம் போகவில்லை. அதை நீக்கிவிட்டுப் பிரவுசரை மூடித் திறந்தேன், நீக்கிய எக்ஸ்டென்ஷனே பேசாமல் மறுபடியும் வந்து குந்திக்கொண்டது. வேறு பிரவுசரில் போட்டேன், அதில் சிவப்பு இல்லை, ஆனால் அப்படி ஒரு முகவரியே இல்லை என்று சொன்னது. எனக்குச் சூடேறத் தொடங்கியது. என் கடைக்கு வரும் பொடியன்மாருக்கு எல்லாம் முதலில் வயரைப் பார் என்று படிப்பிக்கிறவன் நான், அன்றைக்கு வயரைப் பார்க்கவில்லை. பெட்டி இருக்கும் வீட்டின் சாவி ஃபாதரிடம், அவர் செத்த வீடு ஒன்றுக்குப் போயிருந்தார். அதுதான் சாக்கு. உண்மை என்னவென்றால், குற்றவாளி கண் முன்னாலேயே சிவப்பாக நிற்கும்போது வயரைப் போய் யார் பார்ப்பான்?

அப்படியே எக்ஸ்டென்ஷனின் உள்ளே போய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நம்பத் தகுந்த முகவரிகள் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் ஒரே ஒரு முகவரி. எங்கள் பெட்டியின் எண் போலவே இருந்தது, கடைசி இலக்கம் மட்டும் வேறு.

"டீச்சர், இத நீங்களா சேத்தீங்க?"

"எனக்கு அந்த எடத்துக்குப் போகவே தெரியாதே ரிஸ்வான்."

கரண்ட் போய் வந்தால் சில நேரம் பெட்டி வேறு எண்ணை எடுத்துக்கொள்ளும், நடக்கிற விஷயம்தான். அப்படித்தான் என்று நினைத்து அதை அழுத்தினேன். திறந்தது.

நம்பினால் நம்புங்கள், வழக்கமாக வரும் முகப்பு, வருடங்களின் பட்டியல், ஒன்றுமே வரவில்லை. நேராக ஒரு பக்கம். கோடு போட்ட பழைய தாள், நீல மையில் சரிந்த கையெழுத்து, ஓரத்தில் ஈரம் பட்ட கறை. நடுவில் ஜெயராணி என்ற பெயர். மூன்று பேரும் ஒன்றாக மூச்சு விட்டோம். ஜெயராணி எழுந்து வந்து திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

டீச்சர் தன் கண்ணாடியை அன்று வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். சிவப்புப் பக்கத்தின் பெரிய எழுத்தை வாசித்துவிட்டார், இதில் எழுத்து இருப்பது தெரிகிறது, என்ன எழுத்து என்று தெரியவில்லை. "நீ வாசி, நான் எழுதுறேன்" என்று சான்றிதழ் தாளை எடுத்துக்கொண்டார். கண்ணாடி இல்லாவிட்டாலும் கை பழக்கத்தில் எழுதும். நான் வாசித்தேன். பிறந்த தேதி, ஞானஸ்நானம் கொடுத்த தேதி, தகப்பன் சவரிமுத்து, தாய் ரீத்தம்மா, பிள்ளைக்குச் சாட்சியாக நின்ற ஞானத்தாய் மதலேனம்மா. தாய் தகப்பன் பெயர் ஜெயராணிக்குத் தெரியும், தலையாட்டினார். ஞானத்தாய் பெயரைக் கேட்டதும் "அது யாரு?" என்று என்னைப் பார்த்தார். எனக்கு எப்படித் தெரியும்? ஜெயராணி மறுபடியும் திரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், வேலை முடிந்ததற்கு அடையாளமாகத் திரையை என் போனில் ஒரு படம் எடுத்தேன். எந்தப் பழுது பார்த்தாலும் அப்படி ஒன்று எடுத்து வைப்பேன், நாளைக்கு வாடிக்கையாளர் வேலை நடக்கவில்லை என்று சொன்னால் காட்டுவதற்கு.

பன்னிரண்டரைக்கு ஃபாதர் வந்தார். டீச்சர் எழுதியதைப் பார்த்துக் கையெழுத்து வைத்து முத்திரை குத்திக் கொடுத்தார். ஒரு மணி பஸ்ஸைப் பிடிக்க ஜெயராணி மழைக்குள் ஓடினார். அவர் போன பிறகுதான் ஃபாதர் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"எப்படிங்க பாத்தீங்க? சாவி என்கிட்டதானே இருக்கு."

"எதுக்கு ஃபாதர் சாவி?"

"போன கிழமை பெரிய இடி இடிச்சதில்லையா, நான் பெட்டியோட பிளக்கைக் கழட்டிட்டேன். மறுபடி போடவே இல்லையே."

உங்களுக்குத் தெரியும், எங்கள் பக்கத்தில் வானம் உறுமினால் டிவி, போன், எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிப் போடுவார்கள், பிறகு போட மறந்துவிட்டு என்னைக் கூப்பிடுவார்கள். ஃபாதர் விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தோம். பிளக் சுவரோரம் கிடந்தது. இணைப்பு வயரையும் சேர்த்துக் கழற்றியிருந்தார். பெட்டி மேல் ஏழெட்டு நாள் தூசு.

எனக்குக் கோபம்தான் வந்தது. யாரோ என்னை முட்டாளாக்குகிறார்கள் என்ற கோபம். பிளக்கைப் போட்டேன், பெட்டி எழும்பியது, பழைய எண்ணிலேயே எழும்பியது, சிவப்புப் பக்கம்கூட வரவில்லை. நான் வாசித்த வருடத்தைத் திறந்தோம். டீச்சருக்காகப் பெரிதாக்கிக் காட்டினேன். அந்த மாதத்துக்கு முந்தின மாதம் இருக்கிறது, பிந்தின மாதம் இருக்கிறது, வரிசை எண் ஒன்றுகூட விடுபடவில்லை, ஜெயராணி இல்லை. ஃபாதர் தன் வீட்டில் பூட்டியிருந்த அலமாரியைத் திறந்து அசல் புத்தகத்தையே எடுத்துவந்து புரட்டினார். அதிலும் இல்லை. எக்ஸ்டென்ஷனின் பட்டியலுக்குப் போனேன், காலியாக இருந்தது. போனைத் திறந்து நான் எடுத்த படத்தைக் காட்டலாம் என்று பார்த்தால், சிவப்புப் பக்கம். அந்த மேசை, அந்தத் திரை, திரையைத் தொட்டபடி ஜெயராணியின் விரல், விரலுக்குப் பின்னால் சிவப்பு.

ஃபாதர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. வாசித்தது நான் ஒருத்தன்தான். "நீங்க அந்தப் பொம்பளைக்கு இரக்கப்பட்டு ஏதாச்சும்…" என்று தொடங்கினார், முடிக்கவில்லை. டீச்சர் சத்தம் போட்டார், "நானும் பாத்தேன் ஃபாதர், நீலமா எழுத்து இருந்திச்சி, கோயில் மேல ஆணையா இருந்திச்சி." என்ன எழுத்து என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பொய்ச் சான்றிதழுக்குக் கையெழுத்து வைத்துவிட்டேனே என்று ஃபாதர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். திருப்பி வாங்கினால் ஜெயராணியின் வீடு போய்விடும். நாளைக் காலையில் செயலகத்துக்குப் பேசுகிறேன் என்றார். அன்று இரவு சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். பெண்சாதி கேட்டாள், கரண்ட் பிரச்சினை என்று சொல்லிவைத்தேன்.

மறுநாள் ஃபாதர் பேசுவதற்குள் விஷயம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. பட்டியலில் பெயரைப் போட்ட அதிகாரி, இந்த ஞானத்தாய் உயிரோடு இருந்தால் ஒரு கையெழுத்து வாங்கி வா என்று ஜெயராணியை அனுப்பியிருக்கிறார். அவர் அன்று பின்னேரமே தோட்டம் தோட்டமாக விசாரித்து, பல்லேகம ஊரில் மகளோடு இருக்கும் மதலேனம்மாவைக் கண்டுபிடித்துவிட்டார். அப்படி ஒரு ஆள் இருக்கிறார், கேட்டீர்களா! நான் வாசித்த பெயர், நான் வாசித்த தேதி. மதலேனம்மா கையெழுத்து வைத்தார், வீடும் கிடைத்தது.

வீடு கிடைத்து மூன்று மாதம் கழித்து ஜெயராணி என் கடைக்கு வந்தார், புது வீட்டில் காய்த்தது என்று ஒரு பையில் பீர்க்கங்காய் கொண்டுவந்தார். மதலேனம்மாவிடம் கேட்ட மீதியை அவர்தான் சொன்னார். அந்தக் காலத்தில் கோயிலில் இருந்த ஃபாதர், சுவாமி என்றுதான் சொல்வார்கள், தோட்டத்துக்கே ஏறிவந்து லயத்து முற்றத்தில் ஞானஸ்நானம் கொடுத்தாராம். புத்தகத்தைக் கொண்டுவரவில்லை, அப்போது வழக்கம் அப்படித்தான், துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போய்க் கோயிலில் பதிவார்கள். தாள் மழையில் ஊறிப்போய்விட்டது, சுவாமியும் அந்த மழையிலேயே காய்ச்சல் கண்டு படுத்து, பிறகு வேறு இடத்துக்கு மாற்றலாகிவிட்டார். யாரும் எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. நான் எதைத்தான் வாசித்தேன்?

"ஞானஸ்நானம் குடுத்த அன்னைக்கு ராவுதான் நானா மண் வந்திருக்கு," என்றார் ஜெயராணி. "அம்மாவுக்குக் காய்ச்சலாம். ஒரு ராவு நான் வச்சிக்கிறேன்னு மதலேனம்மா என்னையத் தூக்கிட்டு அவங்க லயத்துக்குப் போயிருக்காங்க. அதுல பொழைச்சேன். அதச் சொல்லிட்டு அந்தம்மா அழுவுறாங்க, என் காலப் புடிச்சிக்கிட்டு அழுவுறாங்க. என்னையக் காப்பாத்துனவங்க ஏன் நானா என் காலப் புடிக்கணும்? எங்க வீட்டுல வேற புள்ள இருந்திச்சான்னு கேட்டேன், பேச மாட்டேங்கிறாங்க. நீங்கதானே வாசிச்சீங்க. என் பேருக்குக் கிட்ட வேற பேரு ஏதும் இருந்திச்சா?"

நான் இல்லை தங்கச்சி என்றேன். அவர் சரிங்க நானா என்று எழுந்து போனார்.

உங்களுக்குச் சொல்லும்போதும் அதை நான் விட்டுவிட்டேன். இருந்தது. அடுத்த வரியிலேயே இருந்தது. அதே பிறந்த தேதி, அதே தாய், அதே தகப்பன், ஓர் ஆண் பிள்ளையின் பெயர். எழுதியவர் தவறுதலாக இரண்டு தரம் எழுதிவிட்டார் என்றுதான் அப்போது நினைத்தேன், ஐந்து நிமிட வேலை முடிந்தது என்ற அவசரத்தில் வாய்விட்டு வாசிக்கவில்லை. இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றைத்தான் மதலேனம்மா அன்று ராவு தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். அந்தப் பெயரை இந்த உலகத்தில் எழுதி வைத்த தாள் எதுவுமில்லை, வாசித்தவன் நான் ஒருத்தன்தான் இருக்கிறேன், மழை பெய்தால் அது என் வாய் வரைக்கும் வந்துவிட்டுப் போகிறது. சொல்லிவிடலாமா என்று அந்தப் பக்கம் வேலைக்குப் போகும்போதெல்லாம் ஜெயராணியின் புது வீட்டு வாசல் வரைக்கும் போகிறேன், பிள்ளைகள் உள்ளே சிரிக்கிற சத்தம் கேட்கும், பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுகிறேன்.