தானாவிலிருந்து வந்த மருந்து

கொழுந்து வெட்டும் கத்தரியில் சிக்கிய தேயிலையை இழுக்கும்போது ஆள்காட்டி விரல் கிழிந்தது. இருபது வருடமாகச் செய்வதையே செய்தேன். செடியடி மண்ணைக் கிள்ளி அப்பினேன். இரத்தம் நின்றது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் விரல் கத்தரிக்காயாக வீங்கியது. எஸ்டேட் கிளினிக்கில் கொடுத்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. மூன்றாம் வாரம் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆஸ்டியோமைலிட்டிஸ் (எலும்பில் சீழ் பிடிப்பது) என்றார் மலாய் டாக்டர். வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத கிருமியாம். அடுத்த மருந்தும் கேட்காவிட்டால் விரலை எடுக்க வேண்டும். வாய்விட்டு அழுதேன். கத்தரி பிடிக்கும் கைதான் எனக்குச் சோறு.

வான்கோமைசின் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். “ஊபாட் இனி டாரி தானா,” என்றார் டாக்டர்.

என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. “தானாவுலயே கெடைக்கிற மருந்துக்கு எதுக்குலா நம்மள இவ்ளோ தூரம் இழுத்தாங்க?”

எங்களுக்குத் தானா என்றால் எங்கள் மலையிலுள்ள தானா ராத்தா டவுன்தான். மலாயில் அது மண் என்பது பதற்றத்தில் அவருக்கு உறைக்கவில்லை. தமிழ் நர்ஸ் சிரித்துவிட்டார். “அண்ணே, ஊரு இல்லலா, மண்ணு! இந்த மருந்து மண்ணுலேருந்து வந்ததுங்கிறாரு.”

பிறகு அவரே விளக்கினார். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா, பக்கத்துக் கிருமிகளை அண்டவிடாமலிருக்கச் செய்யும் ஆயுதம் இது. பெப்டைட் (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) வகை. முதலில் போர்னியோ காட்டு மண்ணில் கிடைத்ததாம். கிருமி தன்னைச் சுற்றி இழை இழையாகச் சுவர் பின்னிக்கொண்டே வளரும். மருந்து இழை நுனியைப் பிடித்துக்கொள்ளும். இழைகளுக்குள் முடிச்சு விழாது. சுவர் தளர்ந்து கிருமி வெடிக்கும். நம் செல்களுக்கு அந்தச் சுவரே கிடையாது. ஆனாலும் சிறுநீரகம் தாங்குகிறதா என்று அடிக்கடி இரத்தம் எடுத்தார்கள்.

“அப்ப நான் மண்ண வச்சது சரிதானே?”

“அக்கா, மண்ணுல மருந்தும் இருக்கு, எமனும் இருக்கான். மருந்த மட்டும் பிரிச்சுதான் உங்களுக்கு ஏத்துறோம்.”

நீங்களும் மண் அப்புகிறவராக இருந்தால், கெஞ்சிக் கேட்கிறேன், கழுவிவிட்டு கிளினிக்குக்குப் போங்கள்.

ஆறு வாரம், காலை எட்டு, மாலை எட்டு மணிக்கு மருந்து ஏறியது. விரல் தப்பியது. நடுக்கணு மட்டும் மடங்காது.

வீடு திரும்பும் பஸ் மலையேறி நின்றது. “தானா வந்துருச்சி, எறங்கு,” என்ற கணவர், தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டார். இருவரும் சிரித்தோம்.

இன்றும் எட்டு மணியானால் ஊசி குத்திய இடம் விழித்துக்கொள்கிறது. தேயிலை நிரையில் குனிந்து களை பிடுங்கும்போது நான்கு விரல் மடங்குகிறது. ஐந்தாவது, மடங்காமல் மண்ணையே காட்டுகிறது.