கிண்ணத்துக்குக் கரை போட்டவன்

பாறைச் சரிவில் வீடு கட்டினேன். அந்த இடத்தில் கோழிக்கூண்டுகூட நிற்காது என்று சொன்னவர்கள் இன்றைக்கு அதன் நிழலில்தான் வண்டி நிறுத்துகிறார்கள். வீட்டுக்குப் பின்னால் தறிக் கொட்டகை போட்டேன். பொதட்டூர்பேட்டையில் அடுத்தவர் தறியில் கூலிக்கு நெய்த கை, இங்கே சொந்தமாக எட்டு விசைத்தறி ஓட்டியது. எங்கள் தெருவுக்கு முதன்முதலில் த்ரீ ஃபேஸ் கரண்ட் இழுத்தவன் நான். நான் படித்தது ஐந்தாவது, அதிலும் பாதி. என் மகளைச் சென்னையில் டிசைன் படிக்க வைத்தேன். இதில் ஒன்றுக்கும் யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை.

தறியை நிறுத்தியதும் நான்தான். கட்டுப்படியாகவில்லை, எட்டையும் பழைய இரும்புக்குப் போட்டேன். அன்றைக்கு மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, காது இரைச்சல் தொலைந்தது என்று நன்றாகத் தூங்கினேன். யாரும் அழவில்லை. இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய கைத்தறி ஒன்று மட்டும் மூலையில் தங்கிவிட்டது. இரும்புக்காரன் மரம் வேண்டாம் என்று விட்டுப்போனான், அவ்வளவுதான்.

மகள் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து அந்தக் கொட்டகையில் மண்பாண்ட வேலை ஆரம்பித்தாள். கரண்ட் சூளை ஒன்று வந்து இறங்கியது. எங்கள் வீட்டில் யாரும் மண்ணைத் தொட்டவர்கள் இல்லை. தெருவில் சிரித்தார்கள். நான் த்ரீ ஃபேஸ் லைனைக் காட்டி, "போடும்மா" என்றேன்.

அவள் ஒரு புது மாதிரி யோசித்து வைத்திருந்தாள். மண்ணைக் கூழாகக் கரைத்து, துணியை அதில் முக்கி, கவிழ்த்த அச்சின் மேல் போர்த்திக் காயவைத்துச் சுட வேண்டும். துணி எரிந்து போகும், துணியின் உருவத்தில் மண் நிற்கும். யோசனை அவளுடையது. அதை நான் பிடுங்கிக்கொள்ள வரவில்லை.

ஆனால் அது நிற்கவில்லையே! கடையில் வாங்கிய துணியில் மண் பிடிக்காமல் வழிந்தது. தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடுகிற மாதிரி சோற்றுக் கஞ்சி கலந்து பார் என்றேன். பிடித்தது. அப்புறம் சூளையில் விளிம்பு சாய்ந்து, வேகாத ஆப்பம் மாதிரி மடங்கியது. மாதக்கணக்கில் அப்படியே. கொட்டகை வாசலில் உடைந்த ஓடு குவிந்தது.

ஒருநாள் அந்த ஓட்டுக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்குப் பட்டது. புடவை விளிம்பு ஏன் சுருளாமல் நிற்கிறது? கரை இருக்கிறது. கரையில் இழை நெருக்கம். அந்த நெருக்கத்தில் மண் அதிகம் உட்காரும், விளிம்பு கனக்கும், சாயாது. கைத்தறியில் பாவு ஏற்றினேன். துணியின் உடம்பைக் கொசுவலை மாதிரி இழை தள்ளித் தள்ளி விட்டு, கரையை மட்டும் நெருக்கிக் கட்டினேன். பரணில் கிடந்த ஒரு கண்டு செம்பு ஜரிகையையும் கரையில் சேர்த்தேன். இப்போது வருகிற பிளாஸ்டிக் ஜரிகை இல்லை, செம்புக் கம்பி.

மகள் துணியைப் பிரித்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னா நைனா இது, ஜரிகை போட்டுக்கீற?"

"கரைன்னா ஜரிகை இல்லாமயா?"

"சூளையில எரியப்போற துணிக்கு ஜரிகையா? யாரு கட்டிக்கினு கல்யாணத்துக்குப் போவப்போறாங்க?"

"எரியப்போவுதுன்னா கோமணம் மாதிரி நெய்யணுமா? நான் அப்படி நெய்ய மாட்டேன்."

முனகிக்கொண்டே சுட்டாள். மறுநாள் சூளையைத் திறந்தபோது விளிம்பு வட்டமாக நின்றிருந்தது. ஆனால் ஜரிகை ஓடிய இடமெல்லாம் கறுப்புக் கோடு. சூளையின் அடித்தட்டிலும் ஒட்டிக் கறை பிடித்துவிட்டது. தட்டு போச்சு என்று என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு கறுப்பை மறைக்கக் கண்ணாடிப் பூச்சு பூசி இன்னொரு தடவை சுட்டாள். அந்தக் கறுப்பு, பாசிப் பச்சையாகக் கரையை ஒட்டிக் கசிந்து வந்தது. அவள் கிண்ணத்தை வெயிலுக்கு எடுத்துப்போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தப் பச்சைக்கோட்டுக் கிண்ணங்களைத்தான் சென்னையில் கண்காட்சி வைத்தாள். நானும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். சுவரில் என் போட்டோ. கறுப்பு வெள்ளையில், தறி பக்கத்தில், இறுகிய முகத்தோடு. பூ மாலை ஒன்றுதான் பாக்கி. கீழே அட்டையில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். "நெசவாளரான தந்தையின் நினைவுகளுக்கும் ஓய்ந்துபோன தறிகளுக்கும். பச்சைக் கோடு தற்செயலாகக் கிடைத்தது."

ஒரு அம்மா வந்து என் மகள் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா எப்போம்மா தவறினாரு?" என்று கேட்டார்.

"நான்தாம்மா அது. காபி குடிக்கப் போயிருந்தேன்" என்றேன்.

அந்த அம்மா பதறிப்போனார். மகள் சிரித்துச் சமாளித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் மகளிடம் அந்த அட்டையைப் பற்றிக் கேட்டேன்.

"நினைவுன்னா செத்துட்டன்னு அர்த்தமில்ல நைனா. அப்படி எழுதினாதான் வர்றவங்களுக்குப் புடிக்குது."

"அவங்களுக்குப் புடிக்கிறதுக்கு நான் சாவணுமா?"

"சூளை பாத்தது யாரு? பூச்சு கலந்தது யாரு? ஒடைஞ்சதெல்லாம் வாரிக் கொட்னது யாரு?"

"ஆங், நீதான். இல்லன்னு சொன்னனா? எம் பேரு எங்க கீது?"

"எல்லாத்துக்கும் பேரு போட அந்த அட்டையில எடம் எங்க கீது?"

"தற்செயல்னு போட எடம் கீதே!"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் என் மனைவி பஞ்சாயத்துக்கு வந்தாள். "ஊரெல்லாம் நான் நான்னு பேசிக்கினு திரியற. பெத்த பொண்ணாண்ட போயி பேரு கேக்கறியே, வெக்கமா இல்ல?"

இல்லை. ஜரிகை இல்லாமல் கரை கட்ட என் கைக்கு வராது. எத்தனையோ வருஷம் நெய்து நெய்து வந்த புத்தி அது. அதைத் தற்செயல் என்றால், நான் வாழ்ந்தது மொத்தமும் தற்செயலா? தறிக்காக யாரும் கண்ணீர் விட வேண்டாம், நானே விடவில்லை. போன வருஷம் இந்தக் கையால் நெய்த துணிக்குத்தான் கேட்கிறேன்.

அடுத்து பெங்களூரில் கண்காட்சியாம். துணி வேண்டும் என்று மகள் அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். தறி சும்மா நிற்கிறது. அவள் வாயால் கேட்கட்டும். அட்டையில், "கரை கட்டி, ஜரிகை வைத்துத் துணி நெய்தவர்" என்று என் பெயரை என் அப்பா இனிஷியலோடு போட வேண்டும். அவள் பெயருக்குக் கீழே இருந்தாலும் சம்மதம், எழுத்து அதே அளவு இருக்க வேண்டும். தற்செயல் போக வேண்டும். நினைவு போக வேண்டும். போட்டோ வேண்டுமென்றால் இப்போது வந்து எடுத்துக்கொள்ளட்டும், கலரில். அட்டை அச்சாகி என் கைக்கு வரட்டும். நான் படித்துப் பார்த்த பிறகுதான் பாவு ஏறும்.